கோப்பையின் இடப்பக்கம்

எனக்கு எழுத்து வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வார்ட்டில் கட்டில் இலக்கமும், அதற்கு நேரே சோறு அல்லது கஞ்சி என்ற ஒரு சொல்லும்தான். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. சொன்னதையே திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கோ. எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசியுங்கோ.

ஆசுபத்திரியில் அற்றென்டன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "உங்கடை காலத்து அனுபவம் ஏதும் எழுதித் தாங்கோ அம்மா, எங்களுக்குப் படிக்கிறதுக்கு" என்று கேட்டார்கள். டாக்குத்தர்மாரிடமும் தாதி மிஸ்ஸிமாரிடமும் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டால் என்ன செய்வது? நான் மருந்து கொடுத்தவள் இல்லை, ஊசி போட்டவளும் இல்லை. சோற்றுக் கோப்பை கொடுத்தேன், கோப்பை எடுத்தேன், கழுவினேன். ஆனால் கையும் காலும் ஒரு பக்கம் விழுகிற பாரிசவாதம் வந்தவர்களைப் பற்றி ஒரு விசயம் எனக்குத் தெரியும். அதைக் கோப்பைதான் எனக்குக் காட்டித் தந்தது. அதை மட்டும் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியாக இருக்கும். எங்கள் ஆசுபத்திரி வன்னியில் ஒரு குளத்துக் குடியேற்றத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஆம்பிளை வார்ட்டில் எட்டுக் கட்டில், பொம்பிளை வார்ட்டில் எட்டுக் கட்டில், ஒரு டாக்குத்தர், ஒரு மிஸ்ஸி. இரண்டு வார்ட்டுக்கும் சாப்பாடு கொடுப்பது என் வேலை. பெரிய வருத்தமென்றால் வவுனியாவுக்கு அனுப்புவார்கள். அந்த நாளில் பாரிசவாதம் வந்தவரை உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுவர மாட்டார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்தால் காத்து அடித்தது என்று முதலில் நூல் கட்டுவார்கள். கையில் நூலும் நெற்றியில் சாம்பலுமாக, மூன்றாம் நாளோ நாலாம் நாளோ உழவு மெசினின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். வருகிற வழியில் தாகமென்று வாயில் தண்ணீர் ஊற்றி, அது புரையேறி, அதனாலேயே செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். வாய் இழுத்தவருக்கு, டாக்குத்தரோ மிஸ்ஸியோ பார்த்துச் சொல்லும்வரை ஒரு சொட்டும் கொடுக்காதேங்கோ. உறவினர் கோபித்தாலும் பரவாயில்லை.

நாகமணி அண்ணையை அப்படித் தாமதிக்காமல் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வந்து குடியேற்றத்தில் காணி எடுத்து வயல் செய்தவர். ஐம்பது வயதிருக்கும். காலபோக நெல்லின் அரிவெட்டு முடிந்த கையோடு, சூடடித்த களத்தில் நின்றபடியே சரிந்துவிட்டாராம். வரும்போது வாய் கொஞ்சம் இழுத்திருந்தது, இடக்கையில் பலமில்லை. பிறஷர் கூடுதலாக இருந்தது. இரண்டு நாள் கஞ்சிதான். மூன்றாம் நாள் வாய் நேராகிவிட்டது. டாக்குத்தர் ஐயா கையைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தார். காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினார். பெயர், ஊர், காணி இலக்கம் எல்லாம் பிழையில்லாமல் சொன்னார். "நல்லகாலம், தப்பிவிட்டீர்" என்று டாக்குத்தர் ஐயா சொல்லிவிட்டுப் போனார். நான் அன்று கட்டில் இலக்கத்துக்கு நேரே "சோறு" என்று எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் வில்லங்கம் தொடங்கியது.

அவருடைய கட்டில் வார்ட்டின் கடைசிக் கட்டில். இடப்பக்கம் சுவர். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒடுங்கி இருக்கிற அளவு இடம். வலப்பக்கம்தான் நடைபாதை. டாக்குத்தர், மிஸ்ஸி, நான், எல்லோரும் அந்தப் பக்கத்தால்தான் வருவோம். அவருடைய மனைவி பரிமளம் அக்கா மட்டும் சுவர்ப்பக்கத்து ஒடுக்கத்தில் ஒரு முக்காலி போட்டு இருந்தா. ஆம்பிளைகள் வார்ட், நடுவில் நிற்கக் கூச்சம். பிள்ளை குட்டி இல்லாதவ. கதையும் குறைவு. முந்தானையைச் சுற்றிப் போர்த்துக்கொண்டு நாள் முழுக்க அந்த மூலையில் இருப்பா.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று அவ கேட்டால், நாகமணி அண்ணை முகத்தை மற்றப் பக்கம் திருப்புவார். ஒரு தரம் இல்லை, ஒவ்வொரு தரமும். அவ கூப்பிடக் கூப்பிட அவர் வலப்பக்கமே பார்ப்பார். அங்கே தம்பிக்காரன் நிற்பான். செய்தி கேட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். அண்ணையில் உயிர். "என்னடா தம்பி, தேத்தண்ணியோ? கொண்டா" என்று அண்ணை அவனிடம்தான் சொல்லுவார்.

அடுத்த கட்டில்காரர் ஒரு வாயாடி. முறிந்த காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருந்தவர். "என்ன நாகமணியர், மனிசியோடை கோவமோ? வீட்டுச் சண்டையை ஆசுபத்திரிக்கும் காவிக்கொண்டு வந்திட்டியள்" என்று பகிடி விட்டார். அண்ணை கக்கூசுக்குப் போகும்போது கதவு நிலையில் இடத்தோளை இடித்துக்கொள்வார். அதற்கும் பகிடி. "உவருக்குக் கள்ளு வார்ட்டுக்குள்ளையும் வருகுது போலை. எனக்கும் ஒரு முட்டி சொல்லிவிடும்." வார்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தம்பிக்காரன் சிரிக்கவில்லை. நான் தண்ணீர் வைக்கப் போன நேரம் விறாந்தையில் என்னை மறித்துச் சொன்னான்: "அக்கா, அண்ணை அவவைக் கண்டாலே முகத்தைத் திருப்புறார், பாத்தனீங்கள்தானே. கலியாணம் கட்டி இருவது வருசம் ஒரு சொல்லுப் பிசகாத மனிசன். இது சும்மா இல்லை. சாப்பாட்டிலை ஏதோ வசிய மருந்து போட்டுக் குடுத்திருக்கிறா. அது பிழைச்சு இப்ப அவவிலையே வெறுப்பாத் திரும்பியிட்டுது. நான் அண்ணையை யாழ்ப்பாணம் கொண்டுபோய்ப் பூசாரியைக் கொண்டு கழிப்புக் கழிக்கப் போறன்."

"பிறகு பரிமளம் அக்கா?" என்று கேட்டேன்.

"அவ தன்ரை ஆக்களிட்டைப் போகட்டும். இனி அண்ணைக்குப் பக்கத்திலை விடமாட்டன்."

அவன் கெட்டவன் இல்லை. சொல்லும்போது அழுதான். கண் முன்னால் நடப்பதைப் பார்த்துத்தான் சொன்னான். நாங்கள் எல்லோரும் அதையேதான் பார்த்தோம்.

என் பிழைக்கு வருகிறேன். எழுத விருப்பமில்லைத்தான். எழுதாவிட்டால் இதை எழுதிப் பிரயோசனமும் இல்லை.

அன்று பின்னேரம் பரிமளம் அக்கா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றா. கண் சிவந்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்: "அக்கா, நான் சொல்லுறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. உங்களைக் கண்டால் அவருக்கு மனம் குழம்புது. பிறஷர் ஏறினால் கூடாதாம். கொஞ்ச நாளைக்கு வராமல் நில்லுங்கோவன்."

அவ செம்பைக் கீழே வைத்தா. பிறகு, "டாக்குத்தர் சொன்னவரோ?" என்று கேட்டா.

டாக்குத்தர் சொல்லவில்லை. நான் "ஓம்" என்று தலையை ஆட்டிவிட்டேன்.

அவ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸடிக்குப் போனா. அடுத்த நாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

அவ வராத முதல் நாள் மத்தியானம் நாகமணி அண்ணையின் கோப்பையை எடுக்கப் போனேன். எங்கள் ஆசுபத்திரிக் கோப்பை எனாமல் பூசின தட்டையான கோப்பை. சோறு, பூசணிக்காய்க் கறி, கீரை. அவர் பாதிதான் சாப்பிட்டிருந்தார். பாதி என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லை. நடுவிலே நூல் பிடித்து வெட்டின மாதிரி ஒரு பக்கம் துடைத்திருந்தது, மற்றப் பக்கம் கை வைக்கவேயில்லை. பூசணிக்காய் முடிந்திருந்தது. கீரை அப்படியே கிடந்தது.

"கீரை பிடிக்காதோ அண்ணை?"

"கீரையோ? கீரை எங்கை தந்தனீர்? சோறும் காணாது. அரசாங்கம் கொள்ளையாக் குடுக்குது, நீங்கள் குசினிக்குள்ளை வைச்சுச் சாப்பிட்டுப்போட்டு எங்களுக்கு ஒரு பிடி போடுறியள்."

எனக்குக் கோபம் வந்தது. கோப்பையில் பாதிச் சோறு கிடக்க, மூஞ்சைக்கு நேரே கள்ளி என்கிறார். கோப்பையை எடுத்துக்கொண்டு போய் மிஸ்ஸியிடம், "அந்த மனிசன் சரியான நடிப்புக்காரன்" என்றேன். மனைவிக்கு அவர் செய்ததும் எனக்கு மனதில் இருந்தது.

இன்னுமொன்று. அவர் காலையில் முகம் கழுவிவிட்டுத் தானே திருநீறு பூசுவார். தலைமாட்டில் ஒரு சின்ன ஓலைக் குட்டானில் வைத்திருந்தார். மூன்று குறி. ஆனால் நெற்றியின் நடுவில் தொடங்கி வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் வெறும் நெற்றி. நான் அதைக் கண்டனான். கண்டும் ஒன்றும் கேட்கவில்லை. நான் முல்லைத்தீவுக் கரைப்பக்கத்தில் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் திருநீறு இல்லை. ஏதோ விரதமாக்கும், நேர்த்தியாக்கும், அவர்களுடைய முறையில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். இன்னொருத்தருடைய சமயத்தைப் பகிடி பண்ணக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தவர்கள். அந்த நல்ல பழக்கமே என் கண்ணைக் கட்டிவிட்டது.

இரண்டாம் நாள் மத்தியானம். சோற்றுக் கோப்பையை எடுக்கப் போய் நிற்க, நாகமணி அண்ணை மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, பரிமளம் ஒருநாளும் வரேல்லையோ?"

"வந்தவதானே அண்ணை. முந்தநாள்வரைக்கும் இஞ்சைதானே இருந்தவ."

"எங்கை இருந்தவ? நான் காணேல்லை. சத்தம் மட்டும் கேக்கும். திரும்பிப் பாத்தால் தம்பிதான் நிப்பான். எனக்கு மூளை பிசகிப் போச்சுதோ பிள்ளை? ஆளில்லாமல் சத்தம் கேக்குது."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். நடிக்கிற ஆள் அப்படி அழமாட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோப்பையைப் பார்த்தேன், அதே மாதிரி வலப்பக்கம் துடைத்திருந்தது, இடப்பக்கம் முழுச் சோறு. எடுத்தேன். கண்ணைத் துடைக்க அவருக்குத் துவாயை எடுத்துக் கொடுப்பதற்காகக் கோப்பையைத் திரும்ப அவருக்கு முன்னால் இருந்த சாப்பாட்டு முக்காலியில் வைத்தேன். வைக்கும்போது அது திரும்பிவிட்டது. சோறு இருந்த பக்கம் இப்போது அவருடைய வலப்பக்கம்.

அவர் துவாயை வைத்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தார். "ஓ, இன்னும் கொண்டு வந்தனீரோ? நல்லது பிள்ளை. நேற்று நான் கதைச்சதை மனசிலை வைச்சிருக்காதையும்" என்று சொல்லிக்கொண்டு மீதிச் சோற்றையும் கீரையையும் வழித்துச் சாப்பிட்டார்.

பாதிக் கோப்பை. பாதி நெற்றி. கதவு நிலையில் இடத்தோள். சுவர்ப்பக்கத்து மூலையில் பரிமளம் அக்கா. எல்லாம் ஒரே பக்கம். அந்த மனிசனுக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே உலகத்தில் இல்லை. அவர் மனைவியைப் பார்த்து முகத்தைத் திருப்பவில்லை. அவவைத் தேடித்தான் திருப்பியிருக்கிறார். தேடத் தெரிந்த பக்கம் அது ஒன்றுதான்.

மிஸ்ஸியிடம் ஓடினேன். மிஸ்ஸி நல்ல மனிசி, ஆனால் அன்று பிள்ளைப்பேறு இரண்டு. "பிலோ, கோப்பையைத் திருப்பினதுக்கெல்லாம் நான் டாக்குத்தரைக் கூப்பிடேலுமே? அந்தாளுக்கு நாளைக்கு வீட்டை போக ரிக்கற் வெட்டியாச்சு. தம்பிக்காரன் காரும் பிடிச்சிட்டான். போய்க் குசினியைப் பாரும்."

நாளைக் காலையில் கார். போனால் யாழ்ப்பாணம், கழிப்பு, வேப்பிலை அடி. பிறஷர் குளிசை மருந்தும் நின்றுவிடும். பரிமளம் அக்காவுக்கு இருபது வருசத்து வீடு போய்விடும், மருந்து போட்டவள் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். இதையெல்லாம் அறிந்தவள் நான் ஒருத்தி. டாக்குத்தர் ஐயாவோடு மூன்று வருசத்தில் "ஓம் ஐயா" தவிர ஒரு சொல் கதைத்ததில்லை. அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டாலே நான் குசினிக்குள் போய்விடுவேன்.

வாயால் சொல்ல என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அதனால் ஒரு வேலை செய்தேன். காலையில் எல்லோருக்கும் பாண் ரொட்டி கொடுத்தேன், நாகமணி அண்ணைக்குக் கொடுக்கவில்லை. டாக்குத்தர் வரும்வரை வைத்திருந்தேன்.

"ஏன் பிள்ளை, எனக்கில்லையோ?" என்று அவர் கேட்கிறார். "பயணம் போற மனிசனைப் பட்டினி போடுறியளோ?" என்று தம்பிக்காரன் கத்துகிறான். வெளியே கார்க்காரன் ஹோன் அடிக்கிறான். மிஸ்ஸி என்னை முறைக்கிறா. நான் குசினி வாசலில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கோப்பையில் நாலு துண்டுப் பாண். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு. நடுவில் சம்பல்.

டாக்குத்தர் ஐயா கடைசிக் கட்டிலுக்கு வந்து ரிக்கற்றில் கையெழுத்து வைக்கப் பேனையை எடுத்தார். நான் போய் அவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் புகுந்து கோப்பையைச் சாப்பாட்டு முக்காலியில் வைத்தேன்.

"என்னம்மா இது, இப்பவோ சாப்பாடு?"

"ஐயா, ஒருக்கால் பாருங்கோ." அவ்வளவுதான் எனக்கு வந்தது.

நாகமணி அண்ணைக்குப் பசி. இரண்டு துண்டை விறுவிறென்று சாப்பிட்டார். பிறகு கையை நக்கிக்கொண்டு, "இரண்டு துண்டுதானோ?" என்றார்.

டாக்குத்தர் கோப்பையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். நான் கோப்பையைத் திருப்பி வைத்தேன். "ஆ, இருக்குது" என்று மற்ற இரண்டையும் எடுத்தார்.

டாக்குத்தர் ஐயா பேனையை மூடிவிட்டார். பிறகு என்னிடம், "ஒரு ஈர்க்கு முறிச்சுக்கொண்டு வாரும்" என்றார். விளக்குமாற்றிலிருந்து நீட்டாக ஒன்று எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். அதைக் குறுக்கே பிடித்து, "இதின்ரை நடுவிலை தொடும்" என்றார். அண்ணை வலப்பக்க நுனிக்குக் கிட்டத் தொட்டார். மூன்று தரம் பிடித்தார், மூன்று தரமும் அங்கேதான். பிறகு கண்ணை மூடச் சொல்லிவிட்டு இடக்கையைத் தொட்டார். "இடக்கை" என்று சரியாகச் சொன்னார். வலக்கையைத் தொட்டார். அதுவும் சரி. இரண்டு கையையும் ஒரே நேரத்தில் தொட்டார். "வலக்கை" என்று மட்டும் சொன்னார். டாக்குத்தர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. புகழ்ச்சி இல்லை. தனக்குள் வெட்கப்பட்ட பார்வை.

தம்பிக்காரன் பொறுமையிழந்துவிட்டான். "ஐயா, இதெல்லாம் பிறகு பாக்கலாம். இது வருத்தமில்லை, செய்வினை. அவர் மனிசியையே பாக்கிறாரில்லை."

"நீர் அந்தப் பக்கம் போய் நில்லும்" என்று டாக்குத்தர் சுவர்ப்பக்கத்து ஒடுக்கத்தைக் காட்டினார். "போய் அண்ணையைக் கூப்பிடும்."

அவன் போய் பரிமளம் அக்கா இருந்த முக்காலியடியில் நின்றான். "அண்ணை" என்றான்.

நாகமணி அண்ணை முகத்தை வலப்பக்கம் திருப்பினார். டாக்குத்தரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "தம்பி எங்கை போட்டான்? இப்ப கூப்பிட்டவன்."

"அண்ணை, நான் இஞ்சை."

இன்னும் வலப்பக்கம் எட்டி, விழுகிற அளவுக்குத் திரும்பித் தேடினார். "தம்பி? டேய்?"

தம்பிக்காரன் அந்த முக்காலியில் அப்படியே இருந்துவிட்டான்.

டாக்குத்தர் ஐயா சொன்னதை எனக்கு விளங்கின மட்டும் எழுதுகிறேன். இது பாரிசவாதம்தான், கை கால் தப்பின பாரிசவாதம். தலைக்குள் ஓடுகிற இரத்தக் குழாய் ஒன்று அடைத்திருக்கிறது. மூளையின் வலப்பக்கம் உடம்பின் இடப்பக்கத்தை ஆளுகிறது. அங்கே பழுதானால் சிலருக்குக் கை விழும், சிலருக்குக் கை விழாமல் இடப்பக்கத்தைப் பற்றின நினைப்பே விழுந்துவிடும். கண் பழுதில்லை, காது பழுதில்லை. அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறதென்ற எண்ணம் இல்லை. "நான் கையைப் பாத்தன், காலைப் பாத்தன். அந்த ஆள் எதைக் காணேல்லை எண்டு பாக்கேல்லை" என்றார். இப்போது மூளையையே படம் பிடிக்கிற மெசின் இருக்கிறதாம். அப்போது எங்களிடம் இருந்தது ஒரு ஈர்க்கும் ஒரு கோப்பையும்.

பிறகு, "வீட்டிலை இவரோடை இருக்கிறது ஆர்? இது வர முதல் ஏதும் குணம் காட்டினதோ எண்டு கேக்கவேணும்" என்றார். தம்பிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். வந்த நாள் முதல் எல்லாக் கேள்விக்கும் மறுமொழி சொன்னவன் அவன்தான், யாழ்ப்பாணத்தில் இருந்தவன். பக்கத்தில் படுத்தெழும்பினவவை ஒருத்தரும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணம் போக நின்ற கார் குடியேற்றத்துக்குப் போனது. அவன் தனியே போய்க் கூப்பிட்டால் அவ வரமாட்டா என்று மிஸ்ஸி என்னையும் ஏற்றிவிட்டா. பரிமளம் அக்கா வீட்டு வாசலில் நின்றா. சீலைப் பெட்டி கயிறு போட்டுக் கட்டி வெளியே இருந்தது. செட்டிகுளத்தில் தமக்கை வீடு, மத்தியான பஸ்ஸுக்குப் போக நிற்கிறா.

"அண்ணி, வாங்கோ" என்றான் தம்பிக்காரன்.

அவ அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தா. "நீங்கள்தானே வரவேண்டாம் எண்டனீங்கள். டாக்குத்தர் சொன்னதெண்டு."

"டாக்குத்தர் சொல்லேல்லை அக்கா. நானாச் சொன்னது. பொய்."

காரோட்டி இறங்கிப் பீடி பற்ற வைத்தான். நான் கோப்பையைப் பற்றிச் சொன்னேன். அழுதுகொண்டு சொன்னதில் அவவுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. நெற்றியில் பாதித் திருநீறு என்று சொன்னதும்தான் அவ நிமிர்ந்தா.

"பாதியோ? எத்தினை நாளா?"

"மூண்டாம் நாள் துடக்கம்."

"ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"நான் உங்கடை முறையாக்கும் எண்டு..."

"என்ன முறை? பாதி நெத்திக்குத் திருநீறு பூசுற முறையும் இருக்குதோ?" என்றா. கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் காரில் ஏறினா. "என்னைத் தேடினவரோ?" என்று வழியில் ஒரு தரம் கேட்டா. "தேடினவர்" என்றேன்.

டாக்குத்தர் கேட்க அவ சொன்னா. விழுவதற்கு ஒரு கிழமைக்கு முதல் மண்வெட்டி இடக்கையிலிருந்து நழுவி விழுந்ததாம். கை மரத்ததென்று சொன்னாராம். கை வாய் கழுவிச் சாப்பிட இருக்கிற நேரத்துக்குள் சரியாகிவிட்டதாம். இன்னொரு நாள் இடக்கால் செருப்புக் கழன்றதும் தெரியாமல் வீடு வந்து சேர்ந்தாராம். "அரிவெட்டு நேரம், களைப்பெண்டு விட்டிட்டம்." டாக்குத்தர் ஐயா எங்களைப் பார்த்துச் சொன்னார், வந்து போகிற அந்தக் குணம்தான் முதல் எச்சரிக்கை, சரியாகிவிட்டதென்று விடக் கூடாது, அன்றைக்கே கொண்டுவர வேண்டும் என்று. பிள்ளைகளே, இதை நீங்கள் வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லுங்கோ.

பிறகு பரிமளம் அக்காவை வலப்பக்கம் வந்து இருக்கச் சொன்னார்கள். அவ மாட்டேன் என்றா. தாலி கட்டினதும் அவர்களுடைய முறையில் பெண்ணை இடப்பக்கம் மாற்றி இருத்துவார்களாம், அதற்குப் பிறகு வலப்பக்கம் இருப்பது சரியில்லையாம். மிஸ்ஸிக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப முறை முறையெண்டு மனிசன் உம்மைக் காணாமலே கிடக்கட்டும்!" அவ அரை மனதோடு சுற்றி வந்து வலப்பக்கம் நின்றா. நாகமணி அண்ணை கண்டார்.

"எப்ப வந்தனீ?" என்றார்.

"இப்பதான்" என்றா அவ. நாலு நாள் அந்த மூலையில் இருந்ததைச் சொல்லவில்லை.

அவவுடைய முக்காலியை நாங்கள் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினோம். முதலில் வலப்பக்கம், பிறகு கால்மாடு, பிறகு இடப்பக்கம். அவ அவருடைய இடக்கையைத் தொட்டுத் தொட்டுக் கூப்பிடுவா. அவரும் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடிப் பழகினார். கோப்பையிலும் அப்படித்தான். "அண்ணை, இடப்பக்கம் கீரை" என்று நான் சொல்ல, கையால் கோப்பை விளிம்பைத் தடவிக்கொண்டு போய்க் கண்டுபிடிப்பார். தம்பிக்காரன் காரை அனுப்பிவிட்டு அறுவடை நெல்லைப் பார்த்துக்கொண்டு குடியேற்றத்திலேயே நின்றான். மூன்று கிழமையில் ரிக்கற் வெட்டினார்கள். போகிற அன்று காலை அண்ணை தானே திருநீறு பூசினார். இடப்பக்கம் முழுதாகப் போகவில்லை, புருவத்து முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. பரிமளம் அக்கா பார்த்தா, "காணும், இவ்வளவும் போதும்" என்றா.

இதுதான் எனக்குத் தெரிந்தது. உங்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இவ்வளவுதான். மிச்சம் வைத்த கோப்பையைத் தூக்க முதல் எந்தப் பக்கம் மிச்சம் என்று பாருங்கோ. உறவினரை வரவேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை, டாக்குத்தர் பெயரைச் சொல்லிச் சொல்லவே கூடாது. முறையாக்கும் என்று நினைத்தால் வாயைத் திறந்து கேளுங்கோ. யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் பெரிய நட்டமில்லை.

படித்தவர்கள் யாராவது இதை ஒருக்கால் பார்த்துத் திருத்த வேண்டும். மூளையின் எந்தப் பக்கம் என்பதில் நான் பிழை விட்டிருக்கலாம். பரிமளம் அக்காவின் ஆட்கள் யாராவது இருந்தால் இன்னுமொன்றையும் கேட்டுச் சொல்லுங்கோ. நான் சொன்னதைக் கேட்டு அவ வராமல் நின்றது இரண்டு நாள் என்று எழுதியிருக்கிறேன். அப்படித்தான் என் நினைவில் இருக்கிறது. அது அதைவிடக் கூடவாகவும் இருந்திருக்கலாம்.